கடல்முனையைச் சுற்றி ஒரு கிரிவலம்

1

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முன்னால், திருவண்ணாமலையில் லாட்ஜ் நடத்தும் என் அண்ணன் ஏழுமலை கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்புவார். உள்ளூர் நாளிதழின் மூலையில் கட்டம் கட்டி வரும் சிறு செய்தி. தலைப்பு மாறாது: கிரிவலம் செல்ல உகந்த நேரம். பௌர்ணமி எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று மூன்று வரி. அவ்வளவுதான்.

அந்த மூன்று வரியை மாதாமாதம் எழுதி அனுப்புவது ஒரு காலத்தில் என் வேலை. நான் அங்கே ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். கலெக்டர் பேச்சில் பிழை வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கிரிவல நேரம் கால் மணி தவறினால் ஆபீஸ் போன் ஓயாது. வேலூரிலிருந்து, விழுப்புரத்திலிருந்து, லாட்ஜ்காரர்களிடமிருந்து, பூ விற்பவர்களிடமிருந்தெல்லாம் திட்டு வரும். ஒரு ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்பதை எந்தச் செய்திக்குத் திட்டு வருகிறது என்பதிலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்று அப்போது நினைத்தேன்.

இந்த மாசி மாதப் படம் வந்தபோது தபால் பிரிக்கும் கூடத்தில் விடியற்கால வேலையில் இருந்தேன். கையுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன். போன கார்த்திகையிலிருந்து இங்கே நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

2

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு சிறிய ஊர். பெயர் வேண்டாம். ‘கைவிடப்பட்ட’, ‘களையிழந்த’ என்ற அடைமொழிகளோடே பத்திரிகைகளில் வந்து வந்து இங்குள்ளவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்.

ஊரின் அமைப்பு எளிது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குன்று. இங்கே அதைக் கடல்முனை என்பார்கள். குன்றின் மேல் அணைந்துபோன பழைய கலங்கரை விளக்கம். குன்றின் அடியில், கடற்சுவரை ஒட்டி, அதைச் சுற்றிப் போகும் கீழ்ச்சாலை. குன்றின் தோளில் மீனவர் வீடுகள் இருந்த மேல்தெரு. கீழ்ச்சாலையிலிருந்து மேல்தெருவுக்கு ஏற வழுக்கும் கல்படிகள். ஒரு காலத்தில் கோடையில் ரயில் ரயிலாகக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்களாம். விமானத்தில் ஸ்பெயினுக்குப் போவது மலிவான பிறகு அவர்கள் இங்கே இறங்கவில்லை.

இப்போது நகரசபை ஊரைக் கலையாலும் பாரம்பரியத்தாலும் எழுப்பப் பார்க்கிறது. மூடிய கடைகளின் ஷட்டர்களில் ஓவியங்கள். மீன் கழுவும் பெண்ணின் கம்பிச் சிலை. பழைய படகுக் கொட்டகையில் ஒரு கண்காட்சிக் கூடம். நான் வந்த புதிதில், பழைய தொழில் பழக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிலைக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். காரில் வருகிறார்கள். சிலையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைக் காருக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கலை அழகாகத்தான் இருந்தது. அது ஊருக்குள் யாரையும் இரண்டு தெரு நடக்க வைக்கவில்லை.

திருவண்ணாமலையைப் பற்றியும் எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்தை ஒட்டி வெளிநாட்டவர்களுக்கான காபிக் கடைகள் வந்தபிறகு அங்கே பிறந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்கு வெளியே போனதை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலை பாதையில் கிடக்கும் குப்பையையும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஒரு விஷயம் இங்கே வந்த பிறகுதான் எனக்கு வியப்பாகப் பட்டது. அந்தப் பௌர்ணமிக் கூட்டத்தை யாரும் கூப்பிடுவதில்லை.

என் மகள் யாழினி ஏழு வயதில் ஒருமுறை எங்களோடு மலை சுற்றினாள். பாதி வழியில், ஒருவர் தட்டில் சுடச்சுடப் புளிசாதம் வைத்துக் கையில் திணித்தபோது, “இத யாரு நடத்தறாங்க?” என்று கேட்டாள். யாரும் நடத்தவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

3

மேல்தெருவில் என் மனைவி கலைவாணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. இட்லி, தோசை, டீ, வேகவைத்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி, மல்லாட்டை இல்லாமல் கடையைத் திறக்க மாட்டாள். முன்பு முதியோர் இல்லத்தில் சமையல் செய்தாள். தன் பெயரில் ஒரு அடுப்பு வேண்டும் என்று அதை விட்டாள்.

கட்டடம் நகரசபைக்குச் சொந்தம். பாரம்பரியத் தெரு என்று அறிவித்து, வண்ணம் பூசி, கடைகளைக் குறைந்த வாடகைக்குக் கைவினைக்காரர்களுக்கும் சமையற்காரர்களுக்கும் கொடுத்தார்கள். ஒப்பந்தம் மூன்று ஆண்டு. குளிர்காலத்திலும் ஆட்களை வரவழைக்கும் கடைகளுக்கு நீட்டிப்பார்கள். மற்றவர்கள் மார்ச் கடைசியில் சாவியைத் தர வேண்டும். பக்கத்துக் கடைப் பானை செய்பவர் இரண்டாம் குளிர்காலத்திலேயே போய்விட்டார். எதிர்க்கடைக்காரர் கோடையில் மட்டும் திறக்கிறார். கலைவாணிக்கு இது மூன்றாவது குளிர்காலம். மழை பெய்யும் நாட்களில் இட்லி மாவு மீந்து, வீட்டில் மூவரும் இரவும் பகலும் ஊத்தப்பம் சாப்பிட்டோம்.

நகரசபையின் கலைப்பிரிவில் ஹெலன் என்று ஓர் அதிகாரி. நல்ல பெண். கடலே இல்லாத ஒரு தொழில் நகரத்திலிருந்து வந்தவர். குளிர்காலத்துக்கு யோசனை சொல்லுங்கள் என்று கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அன்று கடையிலிருந்து வந்த கலைவாணி கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

“ஏங்க, பனியில ஜனம் வராதுன்றாங்க. நம்ம ஊருல கார்த்திகப் பனியில வரலியா? அவங்கள யாரு கூப்ட்டாங்க?”

“அங்க சாமி இருக்கு, வராங்க. இங்க என்ன இருக்கு?” என்றாள் யாழினி. இப்போது அவளுக்குப் பதினாறு. எங்களிடம் தமிழில் பேசுவது ஒரு சலுகை. அது கோபம் வரும்போது மட்டும் கிடைக்கும்.

“சுத்தி வர்றதுக்கு வழி இருக்குதில்ல? பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வந்துடலாம்னா மனுஷன் நடப்பான்டி.”

இப்படித்தான் பௌர்ணமி நடை பிறந்தது. கடல்முனை வலப்பக்கம், கடல் இடப்பக்கம், கீழ்ச்சாலை வழியாகக் குன்றை ஒரு சுற்று. அண்ணனிடம் சொன்னேன்.

“அங்க மேல சாமி எதுனா இருக்குதா?”

“இல்லணா. ஒரு பழைய கலங்கரை வெளக்கம் இருக்குது. அதுல ஒரு ஆர்ட்டிஸ்ட்ட வச்சி லைட்டு போடப் போறாங்க.”

“வெளக்கு இருக்குதில்ல. போதும் போ.”

4

இந்த நாட்டில் நாலு பேர் சேர்ந்து நடப்பதற்கும் ஒரு படிவம் உண்டு. வழுக்கல், நெரிசல், நாய்கள், குழந்தைகள், தீ என ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். பாதுகாப்பு அதிகாரி மிகவும் கவலைப்பட்டது மல்லாட்டையைப் பற்றி. ஒவ்வாமை உள்ள சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாம். எங்கே வேகவைப்பீர்கள், எந்தக் கரண்டி, எவ்வளவு தள்ளி வைப்பீர்கள் என்று ஒரு பக்கம் எழுதினோம். ‘நிகழ்ச்சி நீர்நிலைக்கு அருகிலா?’ என்ற கேள்விக்கு ‘ஆம், கைப்பிடிக் கம்பி உள்ளது’ என்று ஒரு வரி எழுதினோம்.

அவர் பாதையைப் பார்க்க வந்தது ஒரு மாலை நேரம். வானத்தில் அரை நிலா. கடல் தூரத்தில் தன் பாட்டுக்குக் கிடந்தது. ஈரமணலில் நாய்கள் ஓடின. அவரும் ஹெலனும் நாங்களும் சுற்றிவந்தோம். கலைவாணி ஊர் வழக்கப்படி வெறுங்காலில் நடக்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றார். ஆட்சேபம் அது ஒன்றுதான்.

சுவரொட்டியை யாழினி வரைந்தாள். கரிய குன்று, மேலே மஞ்சள் புள்ளி, அடியில் தேதியும் நேரமும். கலங்கரை விளக்கத்துக்கு ஓவியர் நீலம், ஊதா என்று நிறம் மாற்றிக் காட்டினார். கலைவாணி என்னிடம், “கலரெல்லாம் வேணாம்னு சொல்லுங்க. மஞ்சளே இருக்கட்டும்” என்றாள். சொன்னேன். ஓவியர் சற்று யோசித்து, சரி என்றார்.

5

கார்த்திகைப் பௌர்ணமியன்று நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மேகத்தில் நிலா தெரியவில்லை. அதனால் நான் கவலைப்படவில்லை. திருவண்ணாமலையில் நடப்பவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து நிலாவைப் பார்க்கிறார்கள்?

எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தியாக ஆட்கள் வந்திருந்தார்கள். வயதானவர்கள், பிள்ளைகள், நாய்கள். நிருபர் கண் சிலவற்றைக் குறித்துக்கொண்டது. உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். சாதாரண ஷூவில் இருந்தது ஹெலன், அவருடைய அலுவலகத்தார், நான். கலைவாணி காலுறைக்கு மேல் செருப்பு போட்டிருந்தாள். குளிருக்காக பூட்ஸ் என்று நினைத்தேன். கண் குறித்ததை மூளை விசாரிக்கவில்லை.

கீழ்ச்சாலை குன்றைச் சுற்றி வளையும் இடத்தில் சத்தம் மாறியது. முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பெரிய மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு இடி. அடுத்ததற்குக் கைப்பிடிக் கம்பிக்கு மேலே வெள்ளையாக ஒன்று எழுந்து நின்று, சாலையின் குறுக்கே படுத்தது. ஹெலனின் ஷூவுக்குள் நீர் போய்விட்டது. மூன்றாவது அலை அவர் கையிலிருந்த விளக்கை அணைத்தது.

பௌர்ணமியன்று கடல் ஏறும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஹெலனும் படித்திருப்பார். சாலைமேல் அலை வருவதை நாங்கள் முன்பும் பார்த்திருக்கிறோம், காற்றென்று நினைத்தோம். மலை அடிவாரத்தில் வளர்ந்த எங்களுக்குப் பௌர்ணமி என்றால் ஏறுவது ஜனம். பஸ்ஸில் ஏறும், ரயிலில் ஏறும், லாட்ஜ் மாடியில் ஏறும். தண்ணீர் ஏறும் என்பது எங்கள் பௌர்ணமியில் இல்லை.

ஹெலன் எல்லோரும் திரும்பிவிடலாம் என்றார். அவர் சொன்னது சரி. கலைவாணி நகரவில்லை.

“பாதியில திரும்பறதா? நான் வரல.”

மலை சுற்றுகிறவர்கள் பாதியில் திரும்புவதில்லை. இடமாகச் சுற்றுவதும் இல்லை. இதை ஹெலனுக்கு எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் கலைவாணி வலப்பக்கம் இருட்டில் கைகாட்டினாள். மேல்தெருவுக்கு ஏறும் கல்படிகள்.

“உள்வழி இருக்குதில்ல? அப்படியே ஏறி அந்தாண்ட எறங்கலாம். மலை சோத்துக்கைப் பக்கமே இருக்கும்.”

திருவண்ணாமலையில் பெரிய பாதை தவிர, மலையை ஒட்டிக் காட்டுக்குள் ஓர் உள்வழி உண்டு. கூட்டம் பிடிக்காதவர்கள் அதில் சுற்றுவார்கள். அவள் மனத்தில் ஓடியது அதுதான். அவள் முதல் படியில் கால் வைத்தாள். அதன் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பின்னால் எல்லோரும் ஏறினார்கள். முழங்கால் வலிக்காரர்களைப் பிள்ளைகள் கைபிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

எனக்குப் பின்னால் கென் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். மேல்தெருவிலேயே பிறந்த கிழவர், கடைக்கு டீ குடிக்க வருபவர், எதையும் கேலி செய்யாமல் இருக்க மாட்டார். கடல் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, சுவரொட்டியைப் பார்த்ததுமே தெரிந்தது என்றார். பௌர்ணமி, அந்த நேரம், அந்த வளைவு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

“அப்படியானால் ஏன் சொல்லவில்லை?”

“கலை நிகழ்ச்சி என்று போட்டிருந்ததே. நனைவதுதான் கலை என்று நினைத்தோம். போன வருடம் ஒருவர் மீன் பெட்டிகளைக் கடலில் மிதக்கவிட்டார். அதற்கும் கைதட்டச் சொன்னார்கள்.”

6

சாப்பாட்டு மேசை கீழே கார் நிறுத்துமிடத்தில், நடை முடியும் இடத்தில் போடுவதாக ஏற்பாடு. பாத்திரங்கள் இன்னும் கடையில்தான் இருந்தன. யாழினி அவற்றைக் காரில் ஏற்ற ஆள் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நனைந்த கூட்டம் தெருவுக்குள் ஏறிவந்ததும் அவள் சுக்குக் காபி அண்டாவைத் திறந்தாள். மல்லாட்டையை அதற்குரிய கரண்டியோடு தள்ளி வைத்தாள்.

கடைக்குள் இடம் போதவில்லை. தெருவில் நின்றார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்தக் கதவு குளிர்காலத்தில் திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு அம்மாள் நாற்காலிகளை வெளியே வைத்தார். இன்னொருவர் துண்டுகள் கொண்டுவந்தார். யாரோ ஒரு பாத்திரம் சூப். கோடையில் மட்டும் திறக்கும் எதிர்க்கடைக்காரர், வந்த கூட்டத்தில் ஒருவராக நின்றவர், சாவியை எடுத்துத் தன் கடையில் விளக்குப் போட்டார். மேலே கலங்கரை விளக்கம் மஞ்சளாக எரிந்தது.

ஈரக் காலணியோடு நின்ற ஹெலன் யாழினியிடம், இந்தத் தெருக்காரர்களை யார் ஒருங்கிணைத்தது என்று கேட்டார். அறிக்கையில் எழுத வேண்டுமாம். யாழினி காபி ஊற்றியபடி யாரும் இல்லை என்றாள். ஹெலன் நம்பவில்லை.

காபி குடித்தபின் எல்லோரும் மறுபக்கம் இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். சுற்று முழுமையாயிற்று. அடுத்த பௌர்ணமிக்கும் அதற்கடுத்ததற்கும் அதே போல நடந்தது. இப்போது பூட்ஸ் எங்களிடமும் இருந்தது. வளைவில் நகரசபையே தடுப்பு வைத்து, கடலைப் பார்க்க ஓர் இடமும் ஒதுக்கியது. கொஞ்ச நேரம் அலையைப் பார்ப்பார்கள். பிறகு படியேறுவார்கள்.

7

போன வாரம் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச நகரசபையில் கூட்டம். கலைவாணி பட்டுப்புடவை மேல் கோட்டு. யாழினி மொழிபெயர்க்க வந்தாள். வரமாட்டேன் என்று காலையில் சொன்னவள்தான்.

தலைவர் பாராட்டினார். நடை தொடர வேண்டும், கடையும் தொடரலாம் என்றார். ஒரு சிறு மாற்றம் மட்டும். பௌர்ணமி புதன்கிழமையில் வருகிறது, திங்கள்கிழமையில் வருகிறது. ஊழியர்கள், பஸ், விளம்பரம் எல்லாவற்றுக்கும் சிரமம். ஒவ்வொரு மாதமும் கடைசி சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் வெளியூர்க்காரர்களும் வருவார்கள். நியாயமான பேச்சு. பழையபடி நிருபராக இருந்திருந்தால் நானும் அதைத்தான் தலைப்பாக்கியிருப்பேன். கலைவாணி தலையாட்டியிருந்தால் அங்கேயே கையெழுத்து ஆகியிருக்கும்.

அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

“சனிக்கெழமைன்னா கடல் வராதே.”

“வராட்டி நல்லதுதானே?”

“இன்னாங்க நீங்க. கடல் வரலன்னா கீழ ரோட்டுலயே சுத்திட்டு, காருல ஏறிப் போயிடுவாங்க. அந்தப் படிய யாரு வேணும்னு ஏறுவா?”

யாழினி இதை மொழிபெயர்த்தாள். தன்னுடையதாக எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை. மேல்தெரு வழியாகவே பாதையை அறிவித்துவிடலாம் என்றார் ஹெலன். கலைவாணி இந்த முறை என் பக்கம் திரும்பவில்லை. நேராக, தன் ஆங்கிலத்தில், அறிவிக்கலாம் ஆனால் ஏறமாட்டார்கள், மூன்று வருடமாக அந்தத் தெருவுக்கு அம்புக்குறி போட்ட பலகை இருக்கிறது, யார் வந்தார்கள் என்று கேட்டாள்.

பார்வையாளர் வரிசையிலிருந்து கென் சிரித்தார். தான் பிறந்த தெருவுக்கே தான் அந்தப் படியில் விரும்பி ஏறியதில்லை, கடலோ அம்மாவோ விரட்டினால்தான் என்றார்.

தலைவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். கலைவாணி கடையில் இரண்டு பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் வைத்ததையும், பிறகு வெளியே எடுத்ததையும் பார்த்தேன். அண்ணன் போனில், “சனிக்கெழமைக்கு ஒத்துக்கினா என்னடா? கட நிக்கும் இல்ல?” என்றார். கலைவாணி போனை வாங்கி, “கட நிக்கும் மாமா. ஆளுதான் வரமாட்டாங்க” என்றாள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து அவர் லாட்ஜ் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பதில் நேற்று வந்தது. ஒப்பந்தம் இன்னும் ஓர் ஆண்டு. நடை அக்டோபர் முதல் மார்ச் வரை, பௌர்ணமியன்று. ஒரு வேண்டுகோள்: நிலாவின் தேதி பொதுமக்களுக்கு நினைவிருக்காது, ஒவ்வொரு மாதமும் நேரத்தை முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு கடைக்கு.

ஆகவே இன்று காலை வேலை முடிந்து வந்து, கடை மேசையில் உட்கார்ந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மூன்று வரியை எழுதினேன். ஊர்ப் பஞ்சாங்கத்தை விட்டு, இங்குள்ள அலை அட்டவணையைப் பார்த்து எழுதினேன். முதல் வரியில் நிலா எழும் நேரம். இரண்டாவதில் கடல் ஏறும் நேரம். மூன்றாவதில் சுக்குக் காபி. இங்கே பௌர்ணமி மாலைகளில் முதல் இரண்டும் அநேகமாக அருகருகேதான் வருகின்றன. சுற்றிலும் கட்டம் கட்டினேன்.

கலைவாணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து படித்தாள். நேரங்களை இரண்டு முறை சரிபார்த்தாள்.

“கடல மேல போடுங்க,” என்றாள். “நெலா கீழ இருக்கட்டும். அது வந்தாலும் வரும், வராட்டியும் போவும்.”